பாதம் தரையில் "தப்" என்று விழுகிறது. நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறார்கள், எந்த நரம்பு?

#1 தரைபூசியவன்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டைல்ஸ் இடுக்குகளுக்குப் பூச்சு வேலை பார்த்தேன். குந்தி உட்கார்ந்தபடி மூன்றரை மணி நேரம், நடுவில் இரண்டு தடவைதான் எழுந்திருப்பேன். முடித்துவிட்டு எழுந்தால் வலது கால் மரத்துக் கிடந்தது. எப்போதும் வருகிற மரப்புதானே என்று உதறினேன். மரப்பு கொஞ்சம் விட்டது. ஆனால் பாதம் மேலே எழவில்லை.

இன்று மூன்றாம் நாள். வலி துளியும் இல்லை. நடந்தால் வலது பாதம் "தப்", "தப்" என்று விழுகிறது. மாடிப்படியில் பெருவிரல் தட்டுகிறது. செருப்பு காலில் நிற்க மாட்டேன் என்கிறது. முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடக்கிறேன், சேற்றில் நடக்கிறவன் மாதிரி.

வீட்டில் ஒருவர் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறார், இன்னொருவர் நரம்பு பிசகிவிட்டது என்கிறார். நீவிவிட்டால் சரியாகும் என்று மூன்றாவது கட்சி. எனக்கு ஒரே கேள்விதான்: எந்த நரம்பு?

#2 பத்துவருட_முதுகுவலி

தம்பி, இதுல யோசிக்கவே வேணாம். சயாட்டிகா. எனக்குப் பத்து வருஷமா இருக்கு. முதுகுல டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குது, அதான் கால் வரைக்கும் வருது. உடனே எம்ஆர்ஐ எடுத்துடு. டிஸ்க் தெரியும் பாரு.

#3 நடைபழக்குபவள்

பிசியோதெரபிஸ்ட். முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா? உட்காரும் இடம், பிறப்புறுப்பைச் சுற்றி மரப்பு உண்டா? இரண்டு காலும் தளர்கிறதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். அது முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கொத்தே நசுங்குகிற விஷயம், மணிக்கணக்கில் பார்க்க வேண்டியது.

இல்லையென்றால் இதைச் செய்து பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

குதிகாலில் மட்டும் நாலு அடி நடக்க முடிகிறதா? விரல்நுனியில் நடக்க முடிகிறதா? நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கால் உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்புங்கள், பிறகு வெளிப்பக்கம். இடது பக்கமாகப் படுத்து வலது காலை நேராக மேலே தூக்குங்கள், யாராவது தொடையை அமுக்கட்டும், எதிர்த்து நிற்கிறதா? கடைசியாக, பஞ்சை உருட்டிப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொடுங்கள்.

ஒன்று விடாமல் எழுதுங்கள். சமீபத்தில் எடை குறைந்ததா என்பதும் வேண்டும்.

#4 தரைபூசியவன்

சிறுநீர், மலம் எல்லாம் வழக்கம்போல. இடது கால் நன்றாக இருக்கிறது.

குதிகால் நடை: வலதில் முடியவே இல்லை. விரல்நுனி நடை: முடிகிறது. உள்பக்கம் திருப்புவது பரவாயில்லை, கொஞ்சம் சோம்பலாகத் தோன்றுகிறது. வெளிப்பக்கம் பலம் குறைவு, ஆனால் திரும்புகிறது. படுத்துத் தூக்கியது நன்றாக நின்றது, அமுக்கிய மனைவிதான் களைத்தாள். விரலிடுக்கில் பஞ்சு பட்டது தெரியவில்லை. பாதத்தின் மேல்பக்கமும் ஒரு துணியைப் போர்த்தி அதன்மேல் தொடுகிற மாதிரி இருக்கிறது.

எடை: ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

#5 நடைபழக்குபவள்

நிறைய சம்பந்தம்.

இடது கையால் உங்கள் இடது முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். நல்ல காலிலேயே செய்யுங்கள். மூட்டுக்குச் சற்றுக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அதுதான் கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் தலை. அதற்கு ஒரு விரற்கடை கீழே, எலும்பு மெலிகிற கழுத்தில், விரலைக் குறுக்கே அழுத்தாமல் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஒரு கயிறு நழுவுகிற மாதிரி இருக்கும். சிலருக்குப் பாதம் வரை சுருக்கென்று ஓடும். அதுதான் காமன் பெரோனியல் நரம்பு. கீழே எலும்பு, மேலே தோல், நடுவில் இது. மெத்தை என்று இருப்பது கொஞ்சம் கொழுப்புதான். அந்தக் கொழுப்பில் ஒரு பங்கை நீங்கள் ஐந்து மாதத்தில் கரைத்துவிட்டு, அதன்மேல் மூன்றரை மணி நேரம் குந்தியிருக்கிறீர்கள். குந்தும்போது நரம்பு இழுபடும், அங்கேயே நசுங்கவும் செய்யும்.

அந்தக் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் வந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது. ஆழமாகப் போகிற கிளை பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைக்கும் பெருவிரலையும் மற்ற விரல்களையும் தூக்கும் தசைகளுக்கும் போகிறது. தோலில் அதற்குச் சொந்தமான இடம் முதல் விரலிடுக்கு மட்டும்தான், ஒரு சின்ன முக்கோணம். மேலோட்டமாகப் போகிற கிளை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் இரண்டு பெரோனியஸ் தசைகளுக்கும், பாதத்தின் மேல்தோலுக்கும். உங்களுக்கு இரண்டு கிளையின் வேலையும் கெட்டிருக்கிறது. அதனால் அடி விழுந்தது பிரிவதற்கு முன்னால். வெளிப்பக்கம் திருப்புவது ஓரளவு மிஞ்சியிருப்பதும் பொருந்தி வருகிறது. ஆழக்கிளைக்குப் போகும் இழைகள்தான் எலும்பை ஒட்டிக் கிடக்கின்றன, முதல் உதை அவற்றுக்கு.

#6 பத்துவருட_முதுகுவலி

சரி, ஆனா முதுகுல எல்5 நரம்பு அமுங்கினாலும் இதே மாதிரி பாதம் தொங்கும்னு எனக்கே டாக்டர் சொல்லியிருக்கார். அதை எப்படி இல்லைன்னு சொல்றீங்க?

#7 பழைய_சுத்தியல்

சரியான கேள்வி. நான் நரம்பியல் மருத்துவன், ஓய்வுபெற்றவன்.

எல்5 வேர், அதாவது இடுப்புப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பின் தொடக்கம், ஒரு கிளைக்கு மட்டும் நீர் விடுகிற வாய்க்கால் அல்ல. பாதத்தை உள்பக்கம் திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியருக்கும் அது போகிறது, ஆனால் கெண்டைக்கால் பக்கம் போகும் டிபியல் நரம்பு வழியாக. இடுப்பை நிலையாகப் பிடிக்கும் குளூட்டியஸ் மீடியஸுக்கும் போகிறது, ஆனால் புட்டத்திலேயே பிரிகிற சுபீரியர் குளூட்டியல் நரம்பு வழியாக. வேரில் அடிபட்டால், பெரோனியலையும் சேர்த்து, இந்த மூன்று வீட்டிலும் தண்ணீர் குறைய வேண்டும். இவருக்குத் தண்ணீர் குறைந்திருப்பது ஒரே ஒரு வீட்டில்தான். படுத்துத் தூக்கிய காலை மனைவியால் அமுக்க முடியவில்லை என்ற ஒரு வரி ஒரு ஸ்கேனுக்குச் சமம்.

பிசியோ அம்மாவுக்கு ஒரு சின்னத் திருத்தம். உள்பக்கம் திருப்புவதைச் சோதிக்கும்போது தொங்கும் பாதத்தை முதலில் கையால் தூக்கிச் செங்கோணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். தொங்கிய நிலையில் நல்ல தசைகூட சோம்பலாகத் தெரியும். இவர் "கொஞ்சம் சோம்பல்" என்று எழுதியது அதனால்தான் இருக்கும். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ பற்றி: முதுகுவலியே இல்லாத ஆட்களை வரிசையாகப் படம் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும். முழங்காலில் இருக்கிற கோளாறுக்கு முதுகைப் படம் எடுத்து, அங்கே தெரிந்ததற்கு வைத்தியம் பார்த்த கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#8 தரைபூசியவன்

செங்கோணத்தில் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே பலம்!

#9 சொல்தேடி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். #1-இல் வீட்டார் சொன்ன "நரம்பு சுருட்டிக்கொண்டது" எனக்கு உறுத்துகிறது. நம் பேச்சில் நரம்பு என்பது ஒன்றல்ல. கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு தெரிவதை நரம்பு சுருட்டல் என்கிறோம், அது சிரை, ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே விறைப்பாகத் தெரிகிற குதிநாணையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். ராத்திரி கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தால் "நரம்பு இழுத்துக்கிச்சு", அது தசை. இலையில் ஓடுவதும் நரம்பு. யாழில் கட்டியதும் நரம்பு. நீளமாக, இழுத்துக் கட்டியதுபோல இருப்பது எல்லாமே நரம்புதான்.

இது நமக்கு மட்டும் வந்த குழப்பமில்லை. கிரேக்கத்தில் நியூரான் என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில் நாணையும்தான் குறித்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹிரோஃபிலஸ் உடல்களை அறுத்துப் பார்த்து, உணர்வையும் அசைவையும் கடத்துவது வேறு, கட்டி இழுப்பது வேறு என்று பிரித்தார். பழைய பொருளின் எச்சம் இன்னும் மருத்துவத்தில் உண்டு: தட்டையான தசைநாண் விரிப்புக்கு அபோநியூரோசிஸ் என்று பெயர். அதில் நரம்பு எதுவும் இல்லை.

#10 மூன்றாம்_பெஞ்ச்

சொல் ஆராய்ச்சிக்கு வேற இழை தொடங்கலாமே சார்? இங்க ஒருத்தருக்குக் கால் தொங்குது.

#11 சொல்தேடி

தொங்குவதால்தான் சொல்கிறேன். "நரம்பு" என்று கேட்டதும் ஒருவர் சிரையை நினைத்து நீவச் சொல்கிறார், இன்னொருவர் நாணை நினைத்துப் பிசகு என்கிறார். இவருக்குக் கெட்டிருப்பது வெளியே கண்ணுக்கே தெரியாத மூன்றாவது பொருள்.

#12 நடைபழக்குபவள்

அந்த இடத்தை நீவாதீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஏற்கெனவே நசுங்கியதை மறுபடி எலும்போடு தேய்ப்பதில் லாபமில்லை.

"கண்ணுக்கே தெரியாத" என்பதில் மட்டும் ஒரு சின்ன விதிவிலக்கு. ஒல்லியானவர்கள் பாதத்தைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் வளைத்து, நாலாவது விரலையும் கீழே மடக்கினால், கணுக்காலின் முன்-வெளிப்பக்கத்தில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய கம்பி எழும்பும். நாண் என்றுதான் நினைப்பீர்கள். விரலை அசைத்தாலும் நாண் மாதிரி ஓடாது. அது மேலோட்டப் பெரோனியல் நரம்பின் கிளை. எனக்குத் தெரிகிறது, இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

#13 மூன்றாம்_பெஞ்ச்

அக்கா எனக்கும் தெரியுது!! இத்தனை நாள் இது விரலைத் தூக்குற எக்ஸ்டென்சர் நாண்னு நெனச்சுட்டிருந்தேன்.

சரி, வந்ததுக்கு ஒரு டவுட். சயாட்டிக் நரம்பு எல்4-லேர்ந்து எஸ்3 வரைக்கும், உடம்புலயே தடிமனான நரம்பு, தொடையோட பின்பக்கம் முழுக்க அதுதான்னு படிச்சோம். ஆனா அங்க இருக்கற பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசைக்கு மட்டும் நீளத் தலைக்கு டிபியல், குட்டைத் தலைக்குக் காமன் பெரோனியல்னு தனித்தனியா இருக்கு. ஒரே தசைக்கு எதுக்கு ரெண்டு நரம்பு? பரீட்சையில எங்களைக் கவுக்கத்தானா?

#14 பழைய_சுத்தியல்

உங்களைக் கவிழ்க்க இயற்கை அவ்வளவு மெனக்கெடாது தம்பி.

சயாட்டிக் என்பது ஒரு நரம்பே அல்ல. ஒரே உறையில் போகும் இரண்டு நரம்புகள்: டிபியல், காமன் பெரோனியல். முழங்காலுக்குச் சற்று மேலே பிரிவதாகப் படம் போட்டிருப்பார்கள், ஆனால் அவை தொடக்கத்திலிருந்தே தனித்தனி. சிலருக்குப் புட்டத்திலேயே பிரிந்து, பெரோனியல் பாதி அங்கிருக்கும் பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு வரும். கருவில் கால் முளைக்கும்போது மடக்கும் பக்கத் தசைகளுக்கு ஒன்று, நீட்டும் பக்கத் தசைகளுக்கு மற்றொன்று என்று பங்கு பிரிந்துவிடுகிறது. பைசெப்ஸின் இரண்டு தலைகளும் வெவ்வேறு வீட்டில் பிறந்து ஒரே நாணில் சேர்ந்தவை. பெயர் ஒன்று, ரேஷன் கார்டு இரண்டு. தொடையின் உள்பக்கத் தசையான அடக்டர் மேக்னஸும் இப்படித்தான், முன்பாதிக்கு ஆப்டியூரேட்டர் நரம்பு, பின்பாதிக்கு டிபியல்.

அந்தக் குட்டைத் தலையை மட்டும் மறக்காதீர்கள். முழங்காலுக்கு மேலே காமன் பெரோனியல் இயக்கும் ஒரே தசை அது. ஏன் முக்கியம் என்பதை இந்த இழையின் நாயகர் பரிசோதனைக்குப் போய்வந்தால் தானே புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே உறையில் போனாலும் அடி அதிகம் வாங்குவது பெரோனியல்தான். அதன் இழைக்கட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, நடுவில் பஞ்சுபோன்ற திசுவும் குறைவு. மேலே இடுப்பெலும்பின் பள்ளத்திலும் கீழே ஃபிபுலா கழுத்திலும் கட்டுண்டு கிடப்பதால் இழுத்தால் நெகிழ இடமில்லை. புட்டத்தில் தவறான இடத்தில் போட்ட ஊசியில்கூட டிபியல் தப்பிக்கும், பெரோனியல் மாட்டும். புட்டத்தை நாலாகப் பிரித்து மேல்-வெளிப் பங்கில் ஊசி போடச் சொல்வது அதனால்தான்.

#15 இறுக்கபெல்ட்

எனக்கும் ஒன்று. தொடையின் வெளிப்பக்கம், பேன்ட் பாக்கெட் இருக்கிற இடம், ஒரு உள்ளங்கை அளவுக்கு எரிகிறது, சில சமயம் மரக்கிறது. கால் பலம் எல்லாம் சரி. இதுவும் பெரோனியலா?

#16 நடைபழக்குபவள்

இல்லை. அது தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு, எல்2, எல்3. இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் கவட்டைத் தசைநார் அடியில் நுழைந்து வருகிறது. வெறும் உணர்வு நரம்பு, ஒரு தசைக்கும் போவதில்லை, அதனால்தான் பலம் குறையவில்லை. இறுக்கமான பெல்ட், தொப்பை, கர்ப்பம் மூன்றும் அதன் எதிரிகள். உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தியும் சில வாரத்தில் குறையாவிட்டால் காட்டுங்கள்.

#17 இறுக்கபெல்ட்

😂 பெயரை மாற்றிவிடுகிறேன்.

#18 தரைபூசியவன் (மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், நடுவில் எழுதவில்லை. நாலாம் நாளே நரம்பியல் மருத்துவரிடம் போனேன். சுத்தியலால் தட்டினார், முழங்காலும் குதிநாணும் இரண்டு பக்கமும் துள்ளின. சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ஃபிபுலா கழுத்தை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார், நரம்பு தடித்திருக்கிறதா என்று. தொழுநோயில் அந்த இடத்தில் தடிக்குமாம், எனக்கு அதுவும் இல்லை. பாதத்தைச் செங்கோணத்தில் தாங்குகிற பட்டை ஒன்று கொடுத்தார், ஷூவுக்குள் போட்டுக்கொள்கிறேன். மின்சோதனையை மட்டும் மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். அது நேற்று நடந்தது.

சொல்லியே ஆக வேண்டும். முதலில் கோலிக்குண்டுக்குக் கீழே மின்முனையை வைத்துச் சுண்டினார்கள். என் பாதம் தானாக எழுந்தது! மூன்று வாரமாக நான் கெஞ்சியும் எழாத பாதம். அப்புறம் மின்முனையை நாலு விரற்கடை மேலே, முழங்கால் மடிப்புப் பக்கம் நகர்த்திச் சுண்டினார்கள். பெருவிரல் லேசாகத் துடித்ததோடு சரி. திரையில் முதலில் வந்த மலை, இரண்டாம் தடவை மேடு.

பிறகு ஊசி. முன்காலில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று, தொடையின் பின்பக்கம் கீழே வெளிப்புறமாக ஒன்று. கடைசி ஊசி எதற்கு என்று கேட்டேன், "மேலே ஏதும் இல்லை என்று உறுதி செய்ய" என்றார். மற்றதெல்லாம் சரி, கடைசி ஊசி வலித்தது.

#19 மூன்றாம்_பெஞ்ச்

தொடை பின்பக்கம், கீழ, வெளிப்புறம்... குட்டைத் தலை!!! அது நார்மல்னா அடி தொடையில இல்ல, முழங்கால்ல. இப்ப புரியுது சார்.

#20 பழைய_சுத்தியல்

அதேதான். இவர் கேள்விக்கும் பதில் அந்த மலையும் மேடும்தான். கழுத்துக்குக் கீழே சுண்டினால் தசை முழுதாகத் துள்ளுகிறது என்றால் கம்பி அறவில்லை, உயிரோடு இருக்கிறது. செய்தி தடைபடுவது நசுங்கிய அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் மட்டும். மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னது ஏன் தெரியுமா? இழை அறுந்தே போயிருந்தாலும் கீழ்த்துண்டு சில நாட்கள் மின்சாரம் கடத்திக்கொண்டுதான் இருக்கும். முதல் வாரத்தில் சுண்டியிருந்தால் அறுந்ததும் நசுங்கியதும் ஒரே மாதிரி தெரிந்திருக்கும்.

1943-இல் செடன் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். உறை மட்டும் கெட்டு இழை பிழைத்தது நியூரோப்ராக்சியா. இழை அறுந்து அதன் குழாய் மிஞ்சியது ஆக்சோனாட்மெசிஸ். முழுக்கத் துண்டானது நியூரோட்மெசிஸ். முதல் வகைக்கு வாரங்கள், அதிகம் போனால் மூன்று மாதம் பொறுக்கலாம். இரண்டாவதில் இழை புதிதாக வளர்ந்து வர வேண்டும், நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து தசைக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் 100 நாள் கணக்கு. உங்களுக்குப் பெரும்பங்கு முதல் வகை. முன்காலில் குத்திய ஊசி அமைதியாக இருந்ததா, பொரிந்ததா?

#21 தரைபூசியவன்

"கொஞ்சமே கொஞ்சம் பொரிகிறது" என்றார் சார். கூரையில் தூறல் விழுகிற சத்தம் மாதிரி நானும் கேட்டேன்.

#22 பழைய_சுத்தியல்

நரம்பிழையை இழந்த தசைதான் அப்படித் தானாகப் பொரியும். அப்படியென்றால் சில இழைகள் அறுந்திருக்கின்றன, பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. கத்தியைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டியதில்லை. பட்டையைக் கழற்றாதீர்கள்.

#23 நடைபழக்குபவள்

பட்டை நடக்க மட்டுமல்ல. பாதம் நாள் முழுக்கத் தொங்கினால் கெண்டைக்காலில் காஸ்ட்ராக்னீமியஸும் சோலியஸும் எதிர்ப்பே இல்லாமல் இழுத்துக் குறுகிவிடும். நரம்பு திரும்பி வரும்போது பாதம் எழ இடமே இருக்காது. ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி, முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். நீட்டினால் காஸ்ட்ராக்னீமியஸுக்கு, மடக்கினால் சோலியஸுக்கு. முதலாவது முழங்காலைத் தாண்டி மேலே போகிறது, இரண்டாவது போவதில்லை.

கால்மேல் கால் போடுவது கூடாது. தூங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கம் கட்டில் விளிம்பில் அழுந்தக்கூடாது. எடை குறைப்பதை நரம்பு தேறும்வரை நிறுத்திவையுங்கள்.

#24 தரைபூசியவன் (மேலும் ஐந்து வாரம் கழித்து)

பெருவிரல் எழுகிறது. பாதமும் பாதி தூரம் எழுகிறது. விரலிடுக்கு இன்னும் மரப்புதான், ஆனால் நேற்று ஈரத்தரையில் கால் வைத்தபோது குளிர்ச்சி தெரிந்தது. செருப்பு நிற்கிறது.

#25 பத்துவருட_முதுகுவலி

நல்லது தம்பி. நான் சொன்னது தப்பாப் போச்சு, சந்தோஷம்.

ஒண்ணு கேக்கணும். பிசியோ மேடம் சொன்னதையெல்லாம் நானும் செஞ்சு பாத்தேன், சும்மாதான். குதிகால் நடை ரெண்டு காலும் சரி. விரல்நுனி நடையும் வந்துச்சு. ஆனா ஒத்தைக் காலுல நின்னு குதிகாலைத் தூக்கினா இடதுல சட்டுனு இறங்கிடுது. இது எல்லாருக்கும் அப்படித்தானா?

#26 நடைபழக்குபவள்

இல்லை அண்ணா. இரண்டு காலில் நடக்கும்போது நல்ல கால் மறைத்துவிடும். ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் எண்ணிச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் எத்தனை?

#27 பத்துவருட_முதுகுவலி

வலது 22, அதுக்கு மேல மூச்சு வாங்குது. இடது 4.

#28 பழைய_சுத்தியல்

இடது பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்திருக்கிறதா?

#29 பத்துவருட_முதுகுவலி

ஆமா சார். அது ரெண்டு மாசமா இருக்கு. பழைய சயாட்டிகாதானேன்னு விட்டுட்டேன்.

#30 பழைய_சுத்தியல்

அது எஸ்1 வேர், எல்5-க்கு அடுத்துக் கீழே இருப்பது. வலி பழையதாக இருக்கலாம், இந்தப் பலக்குறைவு புதிது. நீங்கள் முதலில் சொன்ன எம்ஆர்ஐ உங்களுக்குத்தான் தேவைப்படும் போலிருக்கிறது. நாளைக்கே மருத்துவரிடம் போய்க் குதிநாணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். #3-இல் முதல் பத்தியில் கேட்டதற்கெல்லாம் உங்கள் பதில் என்ன என்பதை மட்டும் இப்போதே எழுதுங்கள்.

#31 பத்துவருட_முதுகுவலி

ஒண்ணுமில்ல சார், எல்லாம் சரியாப் போகுது. நாளைக்குக் காலையில போறேன்.